ஓர் அற்புதம் போதும்: பாத்திரமேற்பு விளையாட்டுகளில் ஊர்தி வடிவமைப்பும் ஆற்றல் கணக்கும்

மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக் கதை வளர்க்கும் விளையாட்டுகளைக் கல்விப்புலம் பெரும்பாலும் இரண்டு கோணங்களிலேயே அணுகி வந்திருக்கிறது. ஒன்று கதையாடல், மற்றொன்று அடையாளம். யார் எந்தப் பாத்திரத்தை ஏற்கிறார், அந்தக் கதை எத்தகைய உலகைக் கட்டுகிறது என்பன முக்கியமான கேள்விகளே. ஆனால் அதே விதிநூல்களின் நடுவில், அட்டவணைகளும் எண்களும் நிறைந்த சில பக்கங்கள் உண்டு. விண்கலத்தையோ கவச ஊர்தியையோ ஆட்டக்காரரே வடிவமைத்துக்கொள்வதற்கான விதிகள் அவை. இலக்கிய மாணவர்கள் அவற்றை எண்கள் என்று ஒதுக்குகின்றனர். பொறியியல் மாணவர்கள் விளையாட்டு என்று ஒதுக்குகின்றனர். ஒரு கற்பனை உலகில் யாருக்கு என்ன சாத்தியம், யார் யாரை நம்பியிருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வதோ அந்தப் பக்கங்கள்தாம்.

இந்த மரபு நீண்டது. 1974இல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளிவந்தது. மூன்றே ஆண்டுகளில், 1977இல், மார்க் மில்லர் வடிவமைத்த 'டிராவலர்' விண்வெளியைக் களமாக்கியது. அதன் துணைநூலான 'ஹை கார்ட்' பெரிய கலங்களை வடிவமைக்கும் முறையை வகுத்தது. 1980களின் தொடக்கத்தில் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் வெளியிட்ட 'கார் வார்ஸ்', இடம், எடை, விலை ஆகிய மூன்று வரம்புகளுக்குள் ஆயுதம் தாங்கிய கார்களை வடிவமைக்கச் சொன்னது. 1993இல் டேவிட் புல்வர் எழுதிய 'கர்ப்ஸ் வெஹிக்கிள்ஸ்' வெளிவந்தது. அதே ஆண்டில் 'டிராவலர்' மரபில் 'ஃபயர், ஃப்யூஷன் அண்ட் ஸ்டீல்' வந்தது. மிதிவண்டி முதல் விண்கலம் வரை அனைத்தையும் கிலோவாட்டிலும் கன அளவிலும் கணக்கிட முயன்ற நூல்கள் இவை. 2007இல் அதே புல்வர் எழுதிய 'கர்ப்ஸ் ஸ்பேஸ்ஷிப்ஸ்' இதற்கு நேர்மாறான எளிய வழியைத் தேர்ந்தெடுத்தது. ஒரே ஆசிரியர் பதினான்கு ஆண்டு இடைவெளியில் இரு துருவங்களுக்குச் சென்றார் என்பதிலேயே, இத்துறை எதனுடன் போராடியது என்பது புலப்படும்.

இந்த விதிகளால் என்ன பயன் என்று கேட்பவர்கள் ஒரு காட்சியை எண்ணிப் பார்க்கலாம். ஒரு சரக்குக் கலத்தைக் கொள்ளையர் துரத்துகின்றனர். கலத்தின் பொறியாளர் பாத்திரத்தை ஏற்றவர் கேட்கிறார்: "லேசரை நிறுத்திவிட்டு அதன் திறனை உந்துகருவிக்குத் திருப்பினால் தப்பிக்கலாமா?" விதிநூலில் திறன் கணக்கு இல்லையென்றால், இக்கேள்விக்கு விடை கேம் மாஸ்டர் எனப்படும் ஆட்ட நடத்துநரின் மனநிலையைப் பொறுத்தது. இன்று ஆம் என்பார், அடுத்த வாரம் இல்லை என்பார். கணக்கு இருந்தால், அது ஆட்டக்காரரின் உரிமையாகிவிடுகிறது. 'ஹை கார்ட்' விதிகளில் மின்னுலை தரும் ஆற்றல் புள்ளிகளை ஆயுதத்துக்கும் காப்புத் திரைக்கும் பங்கிட்டபின் எஞ்சுவதே கலத்தின் விரைந்து விலகும் தன்மையைத் தீர்மானித்தது. ஆகவே சுடுவதா, தப்பிப்பதா என்பது கதைசொல்லியின் கருணையாக இல்லாமல் ஆட்டக்காரரின் தெரிவாக அமைந்தது. மெய்ம்மையான திறன் விதிகளின் முதல் நியாயம் இதுதான். அவை நடத்துநருக்கும் ஆட்டக்காரருக்கும் இடையே உள்ள ஓர் உடன்படிக்கை. இயற்பியல் இங்கே நடுவராக அமர்கிறது. அந்த நடுவரை யாரும் வசப்படுத்த இயலாது.

ஆனால் மெய்ம்மை என்ற சொல்லே இங்குப் பெரும் குழப்பத்துக்கு உள்ளாகியிருக்கிறது. கதவின் எடையை மூன்று தசம இடங்கள் வரை கணக்கிடுவது மெய்ம்மை எனக் கருதப்படுகிறது. அது நுணுக்கமேயன்றி மெய்ம்மை அன்று. எண் சிறிது பிழையாக இருக்கலாம்; கணக்கு ஏடு நேராக இருக்க வேண்டும் என்பதே மெய்ம்மையின் இலக்கணம். வரவில் இல்லாத ஆற்றல் செலவில் வரக்கூடாது. செலவழிந்த ஆற்றல் எங்கோ போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இவ்விரண்டையும் காக்கும் ஒரு பக்க விதி, இவற்றை மீறும் இருநூறு பக்க நூலைவிட மெய்ம்மை மிக்கது.

பள்ளிப் பாடநூலே கற்பிக்கும் ஒரு வேறுபாட்டிலிருந்து தொடங்கலாம். ஆற்றல் வேறு, திறன் வேறு. ஆற்றல் என்பது சேமிப்பு. திறன் என்பது அது செலவாகும் வேகம். விளையாட்டு விதிகள் பல இவ்விரண்டையும் ஒரே "புள்ளி"யில் கலந்துவிடுகின்றன. நடைமுறை எடுத்துக்காட்டு ஒன்று: ஒரு காரின் தொட்டியில் உள்ள 40 லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ 30 கிலோ, அதில் அடங்கிய வெப்ப ஆற்றல் சுமார் 360 கிலோவாட் மணி. இயந்திரத்தின் இழப்புகள் போகச் சக்கரத்துக்கு வந்து சேர்வது ஏறத்தாழ 100 கிலோவாட் மணி. அதே பணியை இன்றைய லித்தியம் அயனி மின்கலத் தொகுதியைக் கொண்டு செய்ய ஏறத்தாழ 700 கிலோ எடை தேவைப்படும். இது ஆற்றல் பற்றிய செய்தி. அந்த 40 லிட்டரை மூன்று நிமிடங்களில் நிரப்பிவிடுகிறோம் என்றால், பெட்ரோல் நிலையத்தின் அந்த ரப்பர் குழாய் வழியே பாயும் திறன் ஏறத்தாழ 7 மெகாவாட். இது திறன் பற்றிய செய்தி. வரம்பற்ற தூரம் செல்லும் மின் ஊர்தியையும், நொடியில் மின்னேற்றம் பெறும் ஊர்தியையும் ஒரே "மேம்பட்ட மின்கலம்" என்ற சொல்லால் அனுமதிக்கும் விதிநூல், இரண்டு வெவ்வேறு அற்புதங்களை ஒன்றின் விலைக்கு விற்கிறது.

விண்கலங்களுக்கு வரும்போது இந்தக் கணக்குப் பிழை பூதாகரமாகிறது. அறிபுனை விளையாட்டுகளில் மிகப் பரவலான கருவி, எதையும் பின்னே தள்ளாமல் கலத்தை முன்னே செலுத்தும் உந்துகருவி. மின்சாரத்தைக் கொடுத்தால் உந்துவிசை கிடைக்கும். எரிபொருளை வெளியே வீச வேண்டியதில்லை. கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது. ஆயிரம் டன் எடையுள்ள கலம் ஒன்று, புவியீர்ப்பு முடுக்கத்துக்கு இணையான முடுக்கத்துடன் செல்கிறது என்போம். அதன் மின்னுலை 1,000 மெகாவாட் என்போம். ஒரு பெரிய அணுமின் அலகின் அளவு அது. புறப்பட்ட இருபதாவது நொடியில் கலத்தின் இயக்க ஆற்றலும் உலை அதுவரை அளித்த மொத்த ஆற்றலும் சமமாகிவிடுகின்றன. அதன்பின் ஒவ்வொரு நொடியும் இலவசம். பத்தாவது நிமிடத்தில், உலை தந்ததைப் போல் முப்பது மடங்கு ஆற்றல் கலத்திடம் இருக்கிறது. கொடுத்த ஆற்றல் காலத்துக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. இயக்க ஆற்றலோ காலத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. இந்த முரணைத் தீர்க்க எந்த அட்டவணையாலும் இயலாது.

இதைப் படிக்கும் கதைப்பிரியர், "இருக்கட்டுமே, அறிபுனைதானே" என்று சொல்லக்கூடும். சிக்கல் இயற்பியலோடு முடிவதில்லை என்பதே அவருக்கான விடை. அத்தகைய இரு கருவிகளை ஒரு சக்கரத்தின் இரு முனைகளிலும் பூட்டிச் சுழலவிட்டால், உள்ளிட்டதைவிட அதிக மின்சாரம் வெளிவரும். அவ்வாறாயின் அந்த உலகில் எரிபொருள் வணிகர் ஏன் இருக்கின்றனர்? வறண்ட கோள்களில் மக்கள் ஏன் வறுமையில் வாடுகின்றனர்? எரிபொருள் சுரங்கத்துக்காக ஏன் போர் நடக்கிறது? கதையின் முதல் பக்கத்தில் அறிமுகமாகும் பஞ்சத்தை, விதிநூலின் நாற்பதாம் பக்கத்தில் உள்ள கருவி ஏற்கெனவே தீர்த்துவிட்டிருக்கிறது. நூலாசிரியர் மட்டும் அதைக் கவனிக்கவில்லை. மேசையில் அமர்ந்த கூர்மையான மாணவி ஒருத்தி கவனித்துவிட்டால், அன்றோடு அந்த உலகம் சரிந்துவிடும்.

இதைவிடக் கொடிய விளைவு ஒன்றும் உண்டு. அதே ஆயிரம் டன் கலம் பத்து நாள்கள் இடைவிடாது முடுக்கப்பட்டால் அதன் வேகம் நொடிக்கு 8,400 கிலோமீட்டரைத் தாண்டும். அந்நிலையில் அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 8,500 மெகாடன் டிஎன்டிக்குச் சமம். 1961இல் சோவியத் ஒன்றியம் வெடித்த, வரலாற்றின் மிகப் பெரிய அணுகுண்டின் ஆற்றல் ஏறத்தாழ 50 மெகாடன். அதைப் போல் 170 மடங்கு இது. விதிநூல் இக்கலத்தைக் கடன் வாங்கி வணிகம் செய்யும் சாதாரண மாலுமியின் கையில் கொடுக்கிறது. ஒரு கோளையே சிதைக்கவல்ல பொருளைத் தவணைமுறையில் விற்கும் சமூகம் எப்படி இருக்கும்? அங்கே சுதந்திர வணிகர் இருக்க முடியாது. உரிமம், காவல், ஒவ்வொரு கலத்திலும் அரசின் கண்காணிப்பு என்ற இறுக்கமான ஆட்சியே மிஞ்சும். அதுவும் சுவையான உலகமே. ஆனால் விதிநூல் வாக்களித்த உலகம் அதுவன்று. உந்துகருவியின் அட்டவணையை எழுதியவர் தம்மை அறியாமலே அந்த உலகின் அரசியலையும் எழுதிவிடுகிறார்.

நேர்மையான மாற்று என்ன? பின்னே எதையாவது வீசி முன்னே செல்லும் ஏவூர்தியே. 1903இல் சியோல்கோவ்ஸ்கி வெளியிட்ட சமன்பாடு இன்றும் அதன் அடிப்படை. அதே கலம், அதே முடுக்கம், வெளியேறும் பொருளின் வேகம் நொடிக்கு 100 கிலோமீட்டர் என்று கொள்வோம். நொடிக்கு 100 கிலோ எரிபொருள் வெளியேறும். ஒரு மணி நேரத்தில் 360 டன். மூன்று மணி நேரம் நீடித்து முடுக்குவதே அரிது. எரிபொருளை மிச்சப்படுத்த வெளியேறும் வேகத்தைப் பத்து மடங்காக்கலாம். அப்போது தேவைப்படும் திறனும் பத்து மடங்காகும். முதல் நிலையிலேயே தாரையின் திறன் 500 கிகாவாட். இந்தியாவின் அனைத்து மின்நிலையங்களின் மொத்த நிறுவுதிறன் 2025ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில்தான் 500 கிகாவாட்டைக் கடந்தது. ஒரு சிறு சரக்குக் கலத்தின் வாலில் ஒரு முழு இந்தியா எரிகிறது. எரிபொருளைச் சேமிக்க விரும்பினால் பத்து இந்தியாக்கள். ஒளியையே பின்னே வீசும் கலமாயின் எரிபொருள் கவலை பெரிதும் தீரும். ஆனால் ஒரே ஒரு நியூட்டன் உந்துவிசைக்கு, அதாவது கையிலிருக்கும் நூறு கிராம் பொருளின் எடைக்கு நிகரான விசைக்கு, 300 மெகாவாட் வேண்டும்.

அத்துடன் வெப்பமும் இருக்கிறது. 500 கிகாவாட்டில் நூற்றில் ஒரு பங்கு மட்டுமே கலத்துக்குள் வீணாகிறது என்று தாராளமாக எண்ணிக்கொண்டாலும், 5 கிகாவாட் வெப்பத்தை வெற்றிடத்தில் கதிர்வீச்சாக மட்டுமே வெளியேற்ற முடியும். 1,500 கெல்வின் வெப்பநிலையில் இருபுறமும் ஒளிரும் தகடுகளாக இருந்தாலும் ஏறத்தாழ 8,700 சதுர மீட்டர் தேவை. கால்பந்து மைதானத்தைவிடப் பெரிய, செஞ்சூட்டில் ஒளிரும் இறக்கைகள் அவை. இதைச் சுமை என்று கருதும் விதியாசிரியர் ஒரு பெரும் வாய்ப்பை இழக்கிறார். அந்த இறக்கைகளைப் போரில் மடக்கி வைத்தால் கலம் உள்ளுக்குள் வெந்துபோகும். விரித்து வைத்தால் எதிரி சுடுவான். ஒளிந்துகொள்ளவும் இயலாது. 2004இல் வந்த 'அட்டாக் வெக்டர்: டாக்டிக்கல்' என்ற விண்போர் விளையாட்டும், 2010இல் ஃபில் எக்லண்ட் வடிவமைத்த 'ஹை ஃபிரான்டியர்' என்ற பலகை விளையாட்டும் வெப்பக் கதிர்வீசிகளை விளையாட்டின் உயிருள்ள உறுப்பாகவே ஆக்கிக் காட்டின. வரம்புகள் நாடகத்தைக் கொல்வதில்லை, நாடகத்தைப் பெற்றெடுக்கின்றன.

இனி, இந்தத் துறை கடந்து வந்த ஒரு தடுமாற்றத்தைப் பார்ப்பது பயன் தரும். 'டிராவலர்' தன் கலங்களை டன்னில் அளக்கிறது. ஆனால் அந்த டன் எடை அன்று. ஒரு டன் திரவ ஹைட்ரஜன் அடைக்கும் இடம், ஏறத்தாழ 14 கன மீட்டர். எடையே கணக்கில் வராததால், பஞ்சு ஏற்றினாலும் ஈயம் ஏற்றினாலும் கலத்தின் முடுக்கம் மாறாது. 1993இல் வந்த பதிப்பு இதைச் சீர்திருத்த முனைந்தது. எரிபொருளை விழுங்கும் பிளாஸ்மா ஏவூர்தியைப் பழைய கருவியின் இடத்தில் வைத்தது. பின்வந்த பதிப்புகளோ எரிபொருள் கேட்காத பழைய உந்துகருவிக்கே திரும்பின. இதை இயற்பியலின் தோல்வி என்று வாசிப்பது பிழை. சுதந்திர வணிகர்கள் உலவும் ஓர் உலகை ஏற்கெனவே வாக்களித்துவிட்டு, அந்த வணிகரைச் சாத்தியமற்றவராக்கும் கருவியைப் பின்னர் நுழைத்ததே சிக்கல். கருவி மாறினால் சமூகம் மாறும். சமூகத்தை மாற்றாமல் கருவியை மட்டும் மாற்றியதால் ஒட்டு நிற்கவில்லை.

அதே 'டிராவலர்' மற்றொரு இடத்தில் மிகச் சரியாகச் செய்தது. விண்மீன்களுக்கிடையே தாவும் ஆற்றலை அது கலங்களுக்கு அளித்தது. அது முழு அற்புதம். எந்த இயற்பியலும் அதற்கு இல்லை. ஆனால் அந்த அற்புதத்தைச் சுற்றி மூன்று வேலிகள் போட்டது. ஒவ்வொரு தாவலுக்கும் ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். தாவும் தூரத்தின் ஒவ்வோர் அலகுக்கும் கலத்தின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஹைட்ரஜன் செலவாகும். கலத்தைவிட வேகமாக எந்தச் செய்தியும் செல்லாது. மூன்று விதிகள், அவற்றிலிருந்து ஒரு பேரரசே பிறந்தது. தலைநகரிலிருந்து ஆணை வந்து சேர மாதங்கள் ஆகும் என்பதால் எல்லைப்புறப் பிரபுக்கள் தம் விருப்பப்படி ஆள்கின்றனர். தபால் கலங்கள் தனி நிறுவனமாகின்றன. வதந்திக்கும் வணிகத்துக்கும் இடையே உள்ள கால இடைவெளியில் செல்வம் உருவாகிறது. ஓர் அற்புதம், தெளிவான விலை, மீறப்படாத எல்லை: இதுவே நல்ல வடிவமைப்பு.

'கர்ப்ஸ்' மரபு இதற்கு ஒரு குறியீட்டையே உருவாக்கிக்கொண்டது. அறிந்த இயற்பியலுக்குள் அடங்காத கருவி எதுவாயினும் அதன் தொழில்நுட்ப நிலைக்குப் பக்கத்தில் ஒரு சிறு கூரைக்குறி இடம்பெறும். சிறிய செயல்தான்; ஆனால் அறிவுலக நேர்மையின் மிகச் சிறந்த எடுத்துக்காட்டுகளில் ஒன்று. "இங்கே இயற்கை விதி மீறப்படுகிறது, தெரிந்தே மீறுகிறோம்" என்று நூல் வாசகரிடம் சொல்லிவிடுகிறது. ஆய்வேடுகளில் எடுகோள்களை முதலில் அறிவிக்க வேண்டும் என்று வலியுறுத்தும் கல்விப்புலம் இந்தச் சிறு குறியிடமிருந்து கற்றுக்கொள்ளத் தயங்க வேண்டியதில்லை.

அளவு மாறும்போது இயல்பு மாறும் என்பது விதிநூல்கள் அடிக்கடி மறக்கும் மற்றோர் உண்மை. ஆயிரம் கிலோவாட் உலைக்கு இவ்வளவு எடை என்றால் ஒரு கிலோவாட் உலைக்கு அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று நேர்விகிதத்தில் குறைத்துக்கொண்டே போகும் அட்டவணைகள் ஏராளம். வரலாறு வேறுவிதமாகச் சொல்கிறது. அமெரிக்கா 1955 முதல் 1957 வரை என்பி-36எச் என்ற குண்டுவீச்சு விமானத்தில் இயங்கும் அணு உலையைச் சுமந்து பறந்து பார்த்தது. உலை விமானத்தை இயக்கவில்லை. கதிர்வீச்சைச் சோதிப்பதே நோக்கம். விமானிகளைக் காக்க அவர்களின் அறையைச் சுற்றிப் பல டன் ஈயமும் ரப்பரும் வைக்க வேண்டியிருந்தது. அணு விமானத் திட்டம் 1961இல் கைவிடப்பட்டது. அதே காலத்தில், 1955 ஜனவரியில், நாட்டிலஸ் நீர்மூழ்கிக் கப்பல் அணு ஆற்றலில் வெற்றியுடன் புறப்பட்டது. அறிவியல் ஒன்றே, தொழில்நுட்ப நிலையும் ஒன்றே. மூவாயிரம் டன்னுக்கு மேற்பட்ட கப்பலுக்குக் கதிர்வீச்சுக் காப்பின் எடை தாங்கக்கூடியது. விமானத்துக்கு அது தாங்கொணாச் சுமை. ஒரே தொழில்நுட்பம் ஓர் ஊர்தியில் புரட்சியாகவும் மற்றொன்றில் பொருளற்றதாகவும் ஆகக்கூடும். குறைந்தபட்ச அளவு என்ற ஒற்றை எண்ணை ஒவ்வொரு மின்னுலைக்கும் சேர்த்துவிட்டால், அணு உலை பூட்டிய இருசக்கர வண்டிகள் விளையாட்டிலிருந்து தாமாகவே மறைந்துவிடும்.

இங்கிருந்து தொழில்நுட்ப நிலை என்ற கருத்தாக்கத்துக்கே வர வேண்டும். 'கர்ப்ஸ்' கற்காலத்தைப் பூச்சியமாக வைத்து, தொழிற்புரட்சியை ஐந்தாகவும் அணுயுகத்தை ஏழாகவும் கணினி யுகத்தை எட்டாகவும் எண்ணுகிறது. 'டிராவலர்' தன் பேரரசின் உச்சத்தைப் பதினைந்தில் வைக்கிறது. விளையாட்டுக்கு இது வசதியான படிக்கட்டு. ஆனால் மனித வரலாறு ஒரே படிக்கட்டில் ஏறுகிறது, எல்லாச் சமூகமும் ஒரே வரிசையில் அதே படிகளை மிதிக்க வேண்டும் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டின் எண்ணமும் அதனுடன் சத்தமின்றி உள்ளே வந்துவிடுகிறது. காலனியம் தன்னை நியாயப்படுத்திக்கொண்ட படிக்கட்டும் இதுவே. ஒரு கோளுக்கு "நிலை நான்கு" என்று எண் கொடுத்தவுடன் அங்கே வாழ்பவர்கள் பின்தங்கியவர்களாகிவிடுகின்றனர். நிலை பன்னிரண்டிலிருந்து வருபவர் இயல்பாகவே மேலானவராகிவிடுகிறார்.

ஊர்திகளின் வரலாறே இந்தப் படிக்கட்டை மறுக்கிறது. தரையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை முதன்முதலில் தாண்டிய கார், 1899இல் கமீ ஜெனாட்ஸி ஓட்டிய மின்சாரக் கார். 1900இல் அமெரிக்காவில் நீராவிக் கார்களும் மின்சாரக் கார்களும் பெட்ரோல் கார்களைவிட அதிகமாகத் தயாராயின. பின்னர் பெட்ரோல் வென்றது. நூறாண்டு கழித்து மின்சாரம் திரும்பி வந்திருக்கிறது. மின்சாரக் காரைக் "கீழ்ப்படி" என்பதா, "மேற்படி" என்பதா? முதல் முறை தோற்றதற்குப் பெருங்காரணம் அக்காலத்து ஈய அமில மின்கலத்தின் ஆற்றல் அடர்த்தி. அதாவது ஊர்தியின் தலைவிதியை முடிவு செய்தது யுகத்தின் எண் அன்று. ஒரு கிலோவில் எவ்வளவு ஆற்றல் அடங்கும் என்ற எளிய கணக்கு. ஆகவே, மெய்ம்மையான ஆற்றல் விதி படிக்கட்டுச் சிந்தனைக்கு மாற்று மருந்தும் ஆகிறது. ஒரு சமூகத்துக்கு ஒரே எண்ணைக் கொடுப்பதற்குப் பதிலாக, அச்சமூகத்தின் மின்கலம் எவ்வளவு அடக்கும், உலோகம் எவ்வளவு வெப்பம் தாங்கும், உலை எவ்வளவு சிறிதாகும் என்று தனித்தனியே கேட்கச் செய்கிறது. விடைகள் ஏறுக்குமாறாக அமையலாம். உண்மையான சமூகங்கள் அப்படித்தான் அமைந்திருக்கின்றன. 'கர்ப்ஸ்' விதிகளே பின்னர் துறைவாரியாக மாறுபடும் நிலைகளையும் கிளைபிரியும் நிலைகளையும் அனுமதித்தன என்பது இந்த உண்மையை அவ்விதியாசிரியர்களும் உணர்ந்திருந்தனர் என்பதைக் காட்டுகிறது.

இவ்வளவுக்கும் எதிரே ஒரு வலுவான மறுப்பு நிற்கிறது. அதைத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது. மாலை ஏழு மணிக்கு நான்கு நண்பர்கள் கூடுவது கனமூலம் கண்டுபிடிப்பதற்காக அன்று. 'கர்ப்ஸ் வெஹிக்கிள்ஸ்' நூலைக் கொண்டு ஓர் ஊர்தியை வடிவமைப்பது ஒரு மாலைப்பொழுதையே விழுங்கக்கூடியது. மேற்பரப்பு, கன அளவு, எடை என்று ஒன்று மாறினால் மற்றனைத்தையும் திரும்பக் கணக்கிட வேண்டும். கணக்கில் தேர்ச்சி உள்ளவர் மேசையை ஆளத் தொடங்குகிறார். இல்லாதவர் வேடிக்கை பார்க்கிறார். நடுவராக அமர்ந்த இயற்பியல் அவருக்கு மட்டும் பாகுபாடு காட்டுவதுபோல் ஆகிவிடுகிறது. இம்மறுப்பு முழுக்க நியாயமானது.

எனினும் இது நுணுக்கத்துக்கு எதிரான மறுப்பேயன்றி மெய்ம்மைக்கு எதிரானது அன்று. 'கர்ப்ஸ் ஸ்பேஸ்ஷிப்ஸ்' அதை நிறுவியது. அங்கே கலம் இருபது பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொன்றும் மொத்த எடையில் ஐந்து விழுக்காடு. உலை இவ்வளவு திறன் புள்ளிகள் தரும். அதிக ஆற்றல் கேட்கும் ஒவ்வொரு கருவியும் ஒரு புள்ளி எடுத்துக்கொள்ளும். எரிபொருள் தொட்டிக்கு எத்தனை பகுதிகள் ஒதுக்கினால் எவ்வளவு திசைவேக மாற்றம் கிடைக்கும் என்பது அட்டவணையிலேயே உள்ளது. கனமூலம் இல்லை, கால்குலேட்டர்கூடப் பெரிதாகத் தேவையில்லை. ஆயினும் எடை கணக்கில் இருக்கிறது, எரிபொருள் தீர்கிறது, அற்புதங்கள் குறியிடப்பட்டிருக்கின்றன. கடினமான கணக்கை நூலாசிரியர் தம் மேசையில் முடித்துவிட்டு, அதன் பயனை மட்டும் ஆட்டக்காரரின் மேசைக்கு அனுப்பியிருக்கிறார். உழைப்பு எங்கே நிகழ வேண்டும் என்பதே கேள்வி. உழைப்பு வேண்டுமா என்பதன்று.

இதிலிருந்து ஒரு நல்ல ஊர்தி விதிநூலிடம் கேட்க வேண்டியவை தெளிவாகின்றன. எத்தனை அற்புதங்கள் இருக்கின்றன, அவற்றின் விலையும் எல்லையும் யாவை என்று முதலிலேயே அறிவிக்க வேண்டும். ஆற்றலையும் திறனையும் தனித்தனியே எண்ண வேண்டும். எடையை மறைக்கக் கூடாது. ஒவ்வோர் உலைக்கும் குறைந்தபட்ச அளவு வேண்டும். வெப்பம் போகும் இடத்தைக் காட்ட வேண்டும். கணக்கு வடிவமைப்பின்போது முடிந்துவிட வேண்டும். ஆட்டத்தின்போது தெரிவு மட்டுமே எஞ்ச வேண்டும். இவற்றுக்கெல்லாம் பத்துப் பக்கங்கள் போதும்.

வகுப்பறைக்கும் இதில் இடமுண்டு. இயற்பியல் மாணவர்களுக்குச் சியோல்கோவ்ஸ்கியின் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதுவதைவிட, ஒரு கலத்தை வடிவமைத்துத் துரத்தும் கொள்ளையரிடமிருந்து தப்பிக்கச் சொல்வது ஆழமாகப் பதியும். சமூகவியல் மாணவர்களுக்கு அதே கலத்தைக் கொடுத்து, "இந்தப் பொருள் சந்தையில் கிடைத்தால் அரசு எப்படி மாறும்?" என்று கேட்கலாம். இருவரும் ஒரே மேசையில் அமர்ந்தால் இன்னும் நல்லது. துறைகளுக்கிடையிலான ஆய்வு என்று ஆண்டுதோறும் பேசப்படும் சொற்றொடருக்கு அங்கே ஒரு மாலைப்பொழுதிலேயே பொருள் கிடைத்துவிடும்.

இதில் பணயம் வைக்கப்பட்டிருப்பது ஒரு விளையாட்டு மட்டுமன்று. ஆற்றல் எங்கிருந்தோ இலவசமாக வரும், கழிவு எங்கோ காணாமற்போகும் என்று நம்பும் கற்பனைகளிலேயே இன்றைய தலைமுறை தன் எதிர்காலத்தைப் பார்த்துப் பழகுகிறது. அந்தப் பழக்கம் மேசையோடு நின்றுவிடுவதில்லை. ஒரு புதிய தொழில்நுட்பம் விளம்பரப்படுத்தப்படும்போது "இதற்குத் திறன் எங்கிருந்து? வெப்பம் எங்கே? எடையை யார் சுமக்கிறார்?" என்று கேட்கத் தெரிந்த குடிமகனுக்கும், கேட்கத் தெரியாத குடிமகனுக்கும் இடையே உள்ள தொலைவு மிகப் பெரியது. அக்கேள்விகளைப் பகடையும் காகிதமும் நான்கு நண்பர்களும் கொண்டு பழகிக்கொள்ள முடியும் என்றால், அந்தச் சலிப்பூட்டும் அட்டவணைப் பக்கங்களை ஒருமுறையேனும் பொறுமையாக வாசித்துப் பார்ப்பதில் ஆய்வுலகுக்கு நட்டம் எதுவுமில்லை.